இரண்டு முறை எழுதப்படும் பக்கம்: ஜாவாஸ்கிரிப்ட் செயலிகளில் சர்வர் ரெண்டரிங் வளர்ந்த வரலாறு

வலைத்தளத் தொழில்நுட்பத்தின் வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஒரு வட்டம் வரைந்து காட்டுவார்கள். முதலில் பக்கத்தைச் சர்வர் தயாரித்து அனுப்பியது. பிறகு அந்த வேலை பிரவுசருக்குப் போனது. இப்போது மறுபடியும் சர்வருக்கே வந்துவிட்டது என்பார்கள். இந்தக் கதை பாதிதான் உண்மை. 1995-இல் ஒரு பெர்ல் நிரலோ பிஎச்பி நிரலோ எச்டிஎம்எல்லை எழுதி அனுப்பியதும் அதன் கடமை முடிந்தது. 2015-இல் ஒரு ரியாக்ட் செயலி சர்வரில் எச்டிஎம்எல்லை எழுதி அனுப்பும்போது பாதி வேலை மிச்சமிருந்தது. அதே நிரல் பிரவுசருக்கும் இறங்கி, அதே பக்கத்தைத் தன்னுள் மறுபடி ஒருமுறை உருவாக்கி, வந்து சேர்ந்த எச்டிஎம்எல்லோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் பொத்தான்கள் வேலை செய்யத் தொடங்கின. ஆகவே திரும்பி வந்ததைப் பழைய முறை என்று சொல்ல முடியாது. 2013-க்குப் பிந்தைய சர்வர் ரெண்டரிங் வரலாற்றை இந்த இரண்டாவது வேலையின் வரலாறாகவே படிக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

லைவ்வயர் முதல் அஜாக்ஸ் வரை

சர்வரில் ஜாவாஸ்கிரிப்ட் ஓடுவது 2009-இல் நோட் வந்த பிறகு நிகழ்ந்த புதுமை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. பிரெண்டன் ஐக் 1995 மே மாதத்தில் பத்து நாட்களில் அந்த மொழியின் முதல் வடிவத்தை எழுதினார். அடுத்த ஆண்டிலேயே நெட்ஸ்கேப் நிறுவனம் தன் என்டர்பிரைஸ் சர்வரோடு லைவ்வயர் என்ற தொகுப்பைக் கொடுத்துவிட்டது. எச்டிஎம்எல் பக்கத்துக்குள்ளேயே சர்வருக்கென்று ஒரு தனிக் குறியிட்டு, அதற்குள் ஜாவாஸ்கிரிப்ட் எழுதலாம். ரிக்வெஸ்ட், கிளையன்ட், புராஜெக்ட், சர்வர் என்று நான்கு பொருள்கள் தயாராக இருக்கும். ஒரு கோரிக்கையோடு முடியும் தரவு எது, ஒரு பயனரோடு தொடரும் தரவு எது, செயலி முழுவதற்கும் பொதுவானது எது என்ற பாகுபாடு அதில் வெளிப்படையாக இருந்தது. இந்தப் பாகுபாட்டை மறந்ததால் பிற்காலத்தில் வந்த கோளாறுகளைக் கீழே பார்க்கப் போகிறோம். மைக்ரோசாஃப்டும் சும்மா இருக்கவில்லை. 1996 டிசம்பரில் ஐஐஎஸ் 3-உடன் வந்த ஏஎஸ்பியில் விபிஸ்கிரிப்ட் மட்டுமன்றி ஜேஸ்கிரிப்டிலும் எழுத முடிந்தது.

அதாவது, இரு முனைகளிலும் ஒரே மொழி என்பது 1996-லேயே கைகூடியிருந்தது. ஆனால் சர்வரில் ஓடிய ஜாவாஸ்கிரிப்ட் வேறு, பிரவுசரில் ஓடியது வேறு. முன்னது தரவுத்தளத்திலிருந்து வரிசைகளை எடுத்து அட்டவணையாக்கும். பின்னது படிவத்தில் மின்னஞ்சல் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும். ஒன்றின் வேலையில் மற்றொன்றுக்குப் பங்கில்லை. மொழி ஒன்றாக இருப்பதால் மட்டும் நிரல் ஒன்றாகிவிடாது என்பதற்கு லைவ்வயர் நல்ல சான்று. இன்று நோட்டைப் புகழ்பவர்கள் அடிக்கடி தவறவிடுவது இந்த வேறுபாட்டைத்தான்.

பிரவுசர் தானே தரவைக் கேட்டு வாங்கும் வசதி 1999 மார்ச்சில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5-இல் வந்தது. அவுட்லுக் வலை அஞ்சலுக்காக மைக்ரோசாஃப்ட் உருவாக்கிய எக்ஸ்எம்எல்எச்டிடிபிரிக்வெஸ்ட் சில ஆண்டுகள் பெரிதாகக் கவனிக்கப்படாமல் கிடந்தது. 2004 ஏப்ரலில் ஜிமெயிலும் 2005 பிப்ரவரியில் கூகுள் மேப்ஸும் வந்தபோது, பக்கத்தைப் புதுப்பிக்காமலே அதன் ஒரு பகுதியை மட்டும் மாற்றும் வித்தையை உலகம் பார்த்தது. அதே பிப்ரவரியில் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் எழுதிய கட்டுரை அதற்கு அஜாக்ஸ் என்ற பெயரைக் கொடுத்தது.

வெற்று டிவ்

அஜாக்ஸ் தொடங்கியபோது பக்கத்தின் பெரும்பகுதி சர்வரிலிருந்தே வந்தது. ஓரங்கள் மட்டும் ஜாவாஸ்கிரிப்டால் மாறின. 2010 வாக்கில் இந்த விகிதம் தலைகீழானது. பேக்போன் என்ற நூலகம் அந்த ஆண்டு வெளிவந்தது. மிஷ்கோ ஹெவரி தொடங்கிய ஆங்குலர்ஜேஎஸ்ஸும் அப்போதுதான் வெளியுலகுக்குத் தெரிந்தது. இவற்றைக் கொண்டு எழுதிய செயலியில் சர்வர் அனுப்புவது ஏறக்குறைய ஒன்றுமில்லை. தலைப்பகுதி, ஸ்கிரிப்ட் இணைப்பு, நடுவில் உள்ளே எதுவும் இல்லாத ஒரு டிவ். மற்றதெல்லாம் பிரவுசரின் பொறுப்பு.

இந்தக் காலத்தின் முகவரிகளில் ஹேஷ் குறியும் வியப்புக்குறியும் சேர்ந்து ஹேஷ்பேங் என்ற வடிவில் நின்றன. எச்டிடிபி விதிப்படி ஹேஷ் குறிக்குப் பின்னால் இருப்பது எதுவும் சர்வருக்குப் போகாது. அது பிரவுசரிலேயே தங்கிவிடும். அதனால் பயனர் எந்தப் பக்கத்தைக் கேட்டார் என்பதே சர்வருக்குத் தெரியாது. அது எல்லோருக்கும் ஒரே வெற்றுப் பக்கத்தைக் கொடுக்கும். பிரவுசர் அதை வாங்கி, ஸ்கிரிப்டை இறக்கி, படித்து, ஓட்டி, அதன் பிறகே ஹேஷ் குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்து, அதற்குரிய தரவைக் கேட்டு மறுபடியும் சர்வரிடம் போகும். ஒரு பயணத்தில் முடிந்திருக்க வேண்டிய காரியத்துக்கு மூன்று பயணம்.

இதன் விளைவு இரண்டு தளங்களில் எல்லோரும் பார்க்கும்படி வெளிப்பட்டது. 2011 பிப்ரவரியில் காக்கர் நிறுவனத்தின் தளங்கள் ஹேஷ்பேங் முறையில் புதிதாக வடிவமைக்கப்பட்டு வெளிவந்த கொஞ்ச நேரத்திலேயே ஜாவாஸ்கிரிப்ட் ஏறாமல் போக, அவற்றின் வலைப்பதிவுகள் எல்லாம் ஒருசேர வெறுமையாக நின்றன. கட்டுரைகள் தரவுத்தளத்தில் பத்திரமாகத்தான் இருந்தன. அவற்றை வாசகர் கண்ணில் காட்ட வேறு வழி வைக்கப்படவில்லை. ட்விட்டரின் கதை இதைவிட நிதானமானது. 2010 செப்டம்பரில் முழுக்க பிரவுசரிலேயே உருவாகும் புதிய தளத்தை அது வெளியிட்டது. 2012 மே மாதம், ரெண்டரிங்கை மீண்டும் சர்வருக்கு மாற்றிவிட்டதாக அதன் பொறியாளர்கள் அறிவித்தார்கள். பயனர் முதல் ட்வீட்டைக் கண்ணால் பார்க்க எவ்வளவு நேரமாகிறது என்பதையே அளவுகோலாக வைத்துக்கொண்டு அவர்கள் வேலை செய்தார்கள். தொடக்கப் பக்கம் ஏறும் நேரம் முன்பிருந்ததில் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தது. இந்த இரண்டு நிகழ்வுகளையும் விட்டுவிட்டு, அழகான கட்டமைப்பைத் தேடிப் போனதால் சர்வர் ரெண்டரிங் வந்தது என்று எழுதுவது வரலாறாகாது. அடிபட்டதால்தான் வந்தது.

மூன்றாவது நெருக்கடி தேடுபொறியிடமிருந்து வந்தது. வெற்று டிவ்வைப் படித்து எதை வரிசைப்படுத்துவது? 2009 அக்டோபரில் கூகுள் ஒரு சமரசத் திட்டத்தை முன்வைத்தது. ஹேஷ்பேங் முகவரியைத் தன் தேடல் நிரல் வேறொரு வடிவில் மாற்றிச் சர்வரிடம் கேட்கும். சர்வர் அந்தப் பக்கத்தின் முழு எச்டிஎம்எல் படியைக் கொடுக்க வேண்டும். அந்தப் படியைத் தயாரிக்கச் சர்வரில் திரையில்லாத ஒரு பிரவுசரையே ஓட்டினார்கள். 2011-இல் அரியா ஹிதாயத் வெளியிட்ட ஃபேன்டம்ஜேஎஸ் இதற்குப் பெரிதும் பயன்பட்டது. ஒரு பக்கத்தின் எழுத்துகளை எடுக்க ஒரு முழு பிரவுசரைச் சர்வரில் எழுப்புவது எவ்வளவு சுமையான வழி என்று சொல்லத் தேவையில்லை. கூகுளே 2015 அக்டோபரில் இத்திட்டத்தைக் கைவிடச் சொல்லிவிட்டது. அதற்குள் அதன் தேடல் நிரல் ஜாவாஸ்கிரிப்டைத் தானே ஓட்டிப் பார்க்கக் கற்றிருந்தது. ஆயினும் அது வெகுகாலம் குரோம் 41 என்ற பழைய பதிப்பிலேயே நின்றிருந்தது. 2019 மே மாதத்தில்தான் புதிய குரோமோடு சேர்ந்து புதுப்பித்துக்கொள்ளும் நிலைக்கு வந்தது.

ஒரே நிரல், இரண்டு இடம்

2008 செப்டம்பரில் குரோமோடு வி8 இன்ஜின் வந்தது. அதை எடுத்து ரயன் டால் கட்டிய நோட் 2009 நவம்பரில் பெர்லினில் நடந்த ஜேஎஸ்கான்ஃப் மாநாட்டில் அறிமுகமானது. வேகமும் மாட்யூல் முறையும் என்பிஎம் களஞ்சியமும் சேர்ந்ததால் லைவ்வயருக்குக் கிடைக்காத வாழ்வு இதற்குக் கிடைத்தது. 2011-இல் சார்லி ராபின்ஸ், இரு முனைகளிலும் ஓடும் நிரலை ஐசோமார்ஃபிக் ஜாவாஸ்கிரிப்ட் என்று அழைத்து எழுதினார்.

அந்த எண்ணத்தை ஒரு பெரிய தளத்தில் முதலில் சோதித்துக் காட்டியவர்களுள் ஏர்பிஎன்பி குறிப்பிடத்தக்கது. ஸ்பைக் பிரெம் முன்னின்று உருவாக்கிய ரெண்டர் என்ற நூலகம், 2013 தொடக்கத்தில் அவர்களுடைய கைபேசித் தளத்தில் பேக்போனை நோட்டிலும் பிரவுசரிலும் ஓட்டியது. ஹேண்டில்பார்ஸ் டெம்ப்ளேட்கள் வெறும் எழுத்துச்சரங்கள். அவற்றை எங்கு வேண்டுமானாலும் நிரப்பலாம். சிக்கல் அடுத்த கட்டத்தில் இருந்தது. பிரவுசருக்கு வந்து சேர்ந்த எச்டிஎம்எல்லில் எந்தப் பகுதி எந்த வியூவுக்குச் சொந்தம் என்பதை எப்படி அறிவது? ஒவ்வொரு பகுதியிலும் ஓர் அடையாளப் பண்பை எழுதி அனுப்பி, பிரவுசரில் அதைத் தேடி வியூவை ஒட்டவைத்தார்கள். பின்னாளில் ஹைட்ரேஷன் என்று பெயர் பெற்ற காரியத்தின் கைவேலை வடிவம் இது.

ரியாக்ட் இதை முறைப்படுத்தியது. ஃபேஸ்புக்கின் ஜோர்டன் வாக் உருவாக்கிய ரியாக்ட், 2013 மே மாதத்தில் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. அதன் காம்போனென்ட் பிரவுசர் வைத்திருக்கும் உண்மையான டாமைத் தொடுவதில்லை. என்ன காட்ட வேண்டும் என்ற விவரத்தை, விர்ச்சுவல் டாம் எனப்படும் ஜாவாஸ்கிரிப்ட் பொருளாகத் திருப்பித் தருகிறது. அந்தப் பொருளை டாமாக்குவது ஒரு வழி. எழுத்துச்சரமாக்குவது இன்னொரு வழி. பிரவுசர் இல்லாத இடத்திலும் இடைமுகத்தை உருவாக்கலாம் என்ற இந்த வாய்ப்பு, விர்ச்சுவல் டாமின் வேகம் பற்றிய அன்றைய விவாதங்களைவிட நீண்ட காலம் நிலைத்துவிட்டது.

2014, 2015 ஆண்டுகளில் இதைக் கையால் அமைத்தவர்கள் செய்தது இதுதான். எக்ஸ்பிரஸில் எல்லா முகவரிகளையும் பிடிக்கும் ஒரு ரூட். வந்த முகவரிக்கு எந்தக் காம்போனென்ட் என்று பார்த்தல். அதற்கு வேண்டிய தரவை முன்கூட்டியே திரட்டுதல். ரெண்டர்டுஸ்ட்ரிங் என்ற சார்பை அழைத்து வரும் சரத்தை மூல டிவ்வுக்குள் வைத்தல். திரட்டிய தரவை ஜேசனாக்கி ஒரு ஸ்கிரிப்ட் குறிக்குள் எழுதுதல். கடைசியில் பிரவுசருக்கான நிரல்கோப்பின் இணைப்பு. ஒரே மூலநிரலை வெப்பேக் இரண்டாகக் கட்டித்தர வேண்டும், நோட்டுக்கு ஒன்று, பிரவுசருக்கு ஒன்று. காம்போனென்ட் கோப்பில் சிஎஸ்எஸ் இறக்குமதி ஒரு வரி இருந்தால் நோட் விழுந்துவிடும். யாராவது ஒரு நூலகத்தின் முதல் வரியில் விண்டோ என்று எழுதியிருந்தாலும் விழுந்துவிடும்.

இவை உடனே கண்ணில் படும் கோளாறுகள், திருத்திவிடலாம். கண்ணில் படாதவை ஆபத்தானவை. பிரவுசரில் ஒரு செயலிக்கு ஒரே பயனர்தான். அதனால் செயலியின் தரவை வைத்திருக்கும் ஸ்டோரை மாட்யூலின் மேல்மட்டத்தில் ஒருமுறை உருவாக்கி வைத்தால் போதும். அதே நிரல் நோட்டில் ஓடும்போது அந்த ஒரே ஸ்டோர் வரும் பயனர் அத்தனை பேருக்கும் பொதுவாகிவிடுகிறது. ஒருவருடைய பெயரும் கூடையும் இன்னொருவருடைய பக்கத்தில் போய் அச்சாகும். ஒற்றை ஆளாகச் சோதிக்கும்வரை இது வெளியே தெரியாது. கூட்டம் வந்த பிறகுதான் தெரியும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் புது ஸ்டோர் என்ற விதி இப்படித்தான் எல்லா வழிகாட்டிகளிலும் ஏறியது. லைவ்வயரின் நான்கு பொருள்கள் 1996-லேயே பிரித்து வைத்திருந்ததை மறுபடி கற்க வேண்டியதாயிற்று.

இன்னொன்று, ஜேசனை ஸ்கிரிப்ட் குறிக்குள் எழுதும் அந்த ஒரு வரி. பயனர் எழுதிய பின்னூட்டத்தில் ஸ்கிரிப்ட் குறியை மூடும் எழுத்துகள் இருந்தால், பிரவுசர் அங்கேயே ஸ்கிரிப்டை முடித்துக்கொண்டு மிச்சத்தை எச்டிஎம்எல்லாகப் படிக்கத் தொடங்கும். அந்த மிச்சத்தில் இன்னொரு ஸ்கிரிப்டை வைக்கத் தெரிந்தவருக்குத் தளமே கைவசம். கோண அடைப்புக்குறியை அதன் யூனிகோடு எண்வடிவில் மாற்றி எழுதினால் தீர்ந்தது. ஒரு வரித் திருத்தம்தான். அந்த ஒரு வரி இல்லாத மாதிரி நிரல்களைப் படியெடுத்து அமைத்த தளங்கள் அப்போது ஏராளம்.

இந்தக் கைவேலைக் காலத்தை முடித்து வைத்தது 2016. அந்த ஆண்டு அக்டோபர் 25 அன்று ஸைட் நிறுவனம் நெக்ஸ்ட்டை வெளியிட்டது. அந்நிறுவனம் 2020 முதல் வெர்செல் என்று அறியப்படுகிறது. அதன் நிறுவனர் கியெர்மோ ராவுச் 2014-இல் எழுதிய கட்டுரையிலேயே, சர்வரில் பக்கத்தைத் தயாரிப்பது விருப்பத்துக்கு விடப்படும் விஷயமல்ல என்பதை முதல் கோட்பாடாக வைத்திருந்தார். பேஜஸ் என்ற கோப்புறையில் ஒரு கோப்பை வைத்தால் அதுவே ஒரு முகவரி. தரவு திரட்ட ஒரே ஒரு சார்பு. வெப்பேக் அமைப்பு உள்ளேயே மறைந்திருக்கும். வ்யூவுக்கான நக்ஸ்ட்டும் அதே மாதம் வந்தது. எம்பருக்கு ஃபாஸ்ட்பூட்டும் ஆங்குலருக்கு யூனிவர்சலும் முன்பே முயற்சியில் இருந்தன.

ஒப்பிட்டுப் பார்த்தல்

சர்வரிலிருந்து வந்த எச்டிஎம்எல் கண்ணுக்கு முழுமையாகத் தெரியும். தட்டினால் எதுவும் நடக்காது. வீடு கட்டி வெள்ளையடித்தாயிற்று, மின் இணைப்பு மட்டும் வரவில்லை என்ற நிலை. அந்த இணைப்பைக் கொடுக்க ரியாக்ட் செய்தது ஆண்டுதோறும் மாறி வந்திருக்கிறது. அந்த மாற்றத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

15-ஆம் பதிப்பு வரை, சர்வர் உருவாக்கிய எச்டிஎம்எல்லின் ஒவ்வொரு உறுப்பிலும் ஓர் அடையாள எண் இருக்கும். மூல உறுப்பில் ஒரு செக்சம் இருக்கும். பிரவுசரில் ரியாக்ட் முழுச் சரத்தையும் மறுபடி உருவாக்கி, அடலர்-32 முறையில் செக்சம் போட்டு ஒப்பிடும். பொருந்தினால் இருக்கும் டாமை அப்படியே ஏற்றுக்கொள்ளும். ஓர் இடைவெளி மாறியிருந்தாலும் மொத்தத்தையும் தூக்கியெறிந்துவிட்டுப் புதிதாகக் கட்டும். சர்வர் பட்ட பாடு வீண். 2017 செப்டம்பரில் வந்த 16-ஆம் பதிப்பு செக்சத்தை நீக்கியது. ஹைட்ரேட் என்ற தனிச் சார்பு, வித்தியாசம் இருந்தாலும் முடிந்தவரை இருப்பதை ஏற்றுக்கொண்டு போகும். எழுத்துகளைத் திருத்தும், பண்புகளில் உள்ள வேறுபாட்டை அப்படியே விட்டுவிடும். சர்வர் பகுதியையும் புதிதாக எழுதினார்கள். சாஷா ஐக்கின் செய்த சோதனைகளில் அது முந்தைய பதிப்பைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு வேகமாக இருந்தது.

ஆனாலும் ரெண்டர்டுஸ்ட்ரிங்கில் ஓர் அடிப்படைப் பொருத்தமின்மை இருந்தது. நோட்டின் பலம் காத்திருத்தலில் இருக்கிறது. தரவுத்தளம் பதில் சொல்லும்வரை மற்ற கோரிக்கைகளைக் கவனிக்கும். ஆயிரக்கணக்கான காம்போனென்ட்களைச் சரமாக்குவதில் காத்திருத்தல் கிடையாது, வெறும் கணக்கு வேலை. ஒரே நூலிழையில் ஓடும் நோட், ஒருவருடைய பக்கத்தை எழுதி முடிக்கும்வரை வரிசையில் நிற்கும் மற்ற யாரையும் திரும்பிப் பார்க்காது. பிஎச்பியிலிருந்து வந்தவர்களுக்கு இது எதிர்பாராத அடி. அங்கே ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி இயக்கம். பக்கத்தைத் துண்டு துண்டாக அனுப்பும் ஸ்ட்ரீம் முறை இதற்குப் பாதித் தீர்வு. ஃபேஸ்புக் 2010-லேயே பிக்பைப் என்ற பெயரில் பிஎச்பி பக்கங்களைத் துண்டுகளாக அனுப்பிக் காட்டியிருந்தது. ரியாக்ட் அந்த இடத்துக்கு முழுமையாக வந்து சேர்ந்தது 2022 மார்ச்சில், 18-ஆம் பதிப்பில். சஸ்பென்ஸ் எல்லைக்குள் வைத்த பகுதிக்குத் தரவு வராதபோது தற்காலிக வடிவம் ஒன்றை அனுப்பிவிட்டு, தரவு வந்ததும் அந்தத் துண்டைப் பின்னால் அனுப்பலாம். பயனர் எந்தப் பகுதியைத் தொடுகிறாரோ அதை முதலில் உயிர்ப்பிக்கலாம். அதே பதிப்பில் ஒப்பீடும் மறுபடி கண்டிப்பாகியது. எழுத்து வேறுபாட்டைப் பிழையாகக் கொண்டு, அருகிலுள்ள சஸ்பென்ஸ் எல்லை வரை பிரவுசரில் புதிதாகக் கட்டும்.

தமிழ்ப் பக்கத்தில் வெளிப்படும் வித்தியாசங்கள்

சர்வரும் பிரவுசரும் ஒரே விடையைத் தர வேண்டும் என்ற நிபந்தனை, ஆங்கிலத் தளத்தில் பெரும்பாலும் தானாக நிறைவேறிவிடும். தமிழ்த் தளத்தில் அப்படி இல்லை. 13-ஆம் பதிப்புக்கு முன் நோட்டின் வழக்கமான வெளியீடுகளில் மொழித் தரவு ஆங்கிலத்துக்கு மட்டுமே இருந்தது. ஒரு செய்தித்தளத்தின் காம்போனென்ட் இந்தியத் தமிழ் வடிவில் தேதியைக் கேட்டால், சர்வர் சத்தமில்லாமல் ஆங்கிலத்துக்குத் தாவி மாதத்தின் பெயரை ஆங்கிலத்தில் எழுதும். பயனரின் குரோம் அதே வரியை ஓட்டி ஜனவரி என்று தமிழில் எழுதும். பிழைச்செய்தி எதுவும் சர்வர் பதிவில் வராது. பக்கம் ஏறியதும் ஆங்கிலத் தேதி ஒரு நொடி தெரிந்து தமிழாக மாறுவதைக் கண்டுதான் பிடிக்க வேண்டும். முழு மொழித் தரவைத் தனித் தொகுப்பாக நிறுவிக்கொள்வது அப்போதைய மாற்றுவழி. 2019 அக்டோபரில் நோட் 13 எல்லா மொழிகளின் தரவையும் சேர்த்தே வெளிவந்த பிறகு இந்தச் சிக்கல் தீர்ந்தது.

நேர வலயம் இன்னும் தீராதது. மேகச் சர்வர்கள் பெரும்பாலும் யுடிசி நேரத்தில் ஓடுகின்றன. சென்னையில் ஜனவரி 15 அதிகாலை 2 மணிக்கு வெளியான செய்திக்குச் சர்வர் ஜனவரி 14 என்று தேதியிடும், ஏனென்றால் அங்கே அப்போது முந்தைய நாள் இரவு 8.30. பிரவுசர் 15 என்று திருத்தும். வலயத்தை நிரலிலேயே ஆசியா-கொல்கத்தா என்று குறிப்பிட்டுவிடுவதுதான் சரியான வழி. ஹைட்ரேஷன் எச்சரிக்கையை அடக்கும் பண்பை அந்த உறுப்பில் போட்டுவிட்டு நகர்வது சோம்பேறித்தனம்.

ஸ்ட்ரீம் முறையில் இன்னொரு கண்ணி உண்டு. யுடிஎஃப்-8 குறியீட்டில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுப் புள்ளிக்கும் 3 பைட். 'கொ' என்ற ஓரெழுத்துக்கு க, ஒகரக்குறி என்று இரண்டு புள்ளிகள், 6 பைட். துண்டு எங்கே வெட்டப்படும் என்று யாருக்கும் தெரியாது. ஓர் எழுத்தின் நடுவிலும் வெட்டலாம். துண்டுகளை அப்படியே பிரவுசருக்குத் திருப்பிவிட்டால் எதுவும் கெடாது. நடுவில் ஏதாவது செருகுவதற்காக ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே சரமாக மாற்றினால், வெட்டுப்பட்ட எழுத்தின் இரு பாதிகளும் கேள்விக்குறி வைரங்களாகிவிடும். ஒரு பைட் ஆங்கில எழுத்தை வைத்து எவ்வளவு சோதித்தாலும் இது வெளிவராது. நோட்டில் இதற்கென்றே ஸ்ட்ரிங்டிகோடர் இருக்கிறது. பாதி எழுத்தை அடுத்த துண்டு வரும்வரை பிடித்து வைத்திருக்கும்.

அளவுக் கணக்கும் தமிழுக்குக் கடுமையானது. சர்வர் ரெண்டரிங்கில் கட்டுரையின் உரை எச்டிஎம்எல்லாக ஒருமுறையும், ஹைட்ரேஷனுக்கான ஜேசனாக இன்னொரு முறையும் போகிறது. ஜிஜிப் சுருக்கிவிடும் என்று சமாதானம் சொல்வார்கள். ஜிஜிப் பின்னோக்கிப் பார்ப்பது 32 கிலோபைட் தூரம்தான். ஆங்கிலத்தில் அது நீண்ட கட்டுரைக்கே போதும். தமிழில் 11,000 குறியீட்டுப் புள்ளிகளுக்குள் தீர்ந்துவிடும். நீண்ட தமிழ்க் கட்டுரையின் இரண்டாவது படி வரும்போது முதல் படியின் தொடக்கம் பார்வை எல்லைக்கு வெளியே போயிருக்கும்.

சுமையை இறக்கும் வழிகள்

இரண்டாவது வேலையைக் குறைக்க மூன்று விதமான பதில்கள் வந்திருக்கின்றன. பெரும்பாலான பக்கங்களில் ஊடாட்டம் ஓரிரு இடங்களில்தான் இருக்கிறது, அந்த இடங்களை மட்டும் உயிர்ப்பித்தால் போதாதா என்று கேட்டது தீவுக் கட்டமைப்பு. 2019-இல் கேட்டி சைலர் மில்லர் இட்ட அந்தப் பெயரை அடுத்த ஆண்டு ஜேசன் மில்லரின் கட்டுரை பரப்பியது, 2022-இல் 1.0 பதிப்பை எட்டிய ஆஸ்ட்ரோ அதை எல்லோருக்கும் எளிதாக்கியது. இரண்டாவது பதிலான க்விக் வேறு வழியில் போனது. எந்தப் பொத்தானுக்கு எந்த நிரல் என்ற விவரத்தையே எச்டிஎம்எல்லில் எழுதி அனுப்பிவிடும். மறுபடி ஓட்டிப் பார்க்கும் வேலையே கிடையாது. தட்டும்போது வேண்டிய துண்டு மட்டும் இறங்கும். இதை உருவாக்கியவர் ஆங்குலர்ஜேஎஸ்ஸை உருவாக்கிய அதே மிஷ்கோ ஹெவரி. வெற்று டிவ் காலத்துக்கு முன்னோடியாக நின்றவரே அதன் சுமையை இறக்க வந்திருக்கிறார்.

மூன்றாவது, ரியாக்ட் குழு 2020 டிசம்பரில் அறிவித்த சர்வர் காம்போனென்ட்கள். இவற்றின் நிரல் பிரவுசருக்கு இறங்குவதே இல்லை. அவை தந்த விடை மட்டும் தனி வடிவமொன்றில் ஓடிவரும். தரவுத்தளக் கேள்வியைக் காம்போனென்டுக்குள்ளேயே எழுதலாம். நெக்ஸ்ட் இதை 2022 அக்டோபரில் 13-ஆம் பதிப்பில் கொண்டுவந்து, 2023 மே மாதத்தில் நிலையான வசதியாக அறிவித்தது. என் மதிப்பீட்டில் இந்த மூன்றில் மிகத் துணிச்சலானது இதுதான்; மிகக் குழப்பமானதும் இதுவே. எந்தக் கோப்பு எங்கே ஓடுகிறது என்பதை அதன் முதல் வரியில் எழுதிய ஒரு சிறு அறிவிப்பு தீர்மானிக்கிறது. சர்வருக்கும் பிரவுசருக்கும் நடுவிலிருந்த வேலி நிரலரின் கண்ணில் படாமல் மறைகிறது, ஆனால் தாக்குபவரின் கண்ணுக்கு அது தெளிவாகவே தெரியும். 2025 டிசம்பரில் இந்தத் தனி வடிவத்தைச் சர்வர் படித்துப் பிரிக்கும் இடத்தில் கண்டறியப்பட்ட பாதுகாப்புக் குறை, கடவுச்சொல் எதுவும் இல்லாமலே சர்வரில் அந்நிய நிரலை ஓட்ட இடம் கொடுத்தது. அபாய அளவுகோலில் அதற்குக் கொடுக்கப்பட்ட மதிப்பு 10-க்கு 10. ரியாக்ட் 19.0.1, 19.1.2, 19.2.1 பதிப்புகளில் அது அடைக்கப்பட்டது. வெறும் பிரவுசர் நூலகமாக மட்டும் ரியாக்டைப் பயன்படுத்திய தளங்களை அது தொடவில்லை.

இன்று இதை அமைக்கப் போகிறவர் இந்த வரலாற்றிலிருந்து எடுக்க வேண்டிய முடிவில் எனக்குத் தயக்கம் இல்லை. உள்நுழைந்த பிறகே திறக்கும் அலுவலகச் செயலிக்கும் கணக்குப் பலகைக்கும் சர்வர் ரெண்டரிங் வேண்டாம். சர்வர் செலவும் பாதுகாப்புப் பொறுப்பும் கூடுவதுதான் மிச்சம். செய்தித்தளம், கடை, தேர்வு முடிவு, அரசு அறிவிப்பு போன்றவற்றுக்குக் கட்டாயம் வேண்டும். அமைத்து முடித்ததும் பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்டை அணைத்துவிட்டு ஒரு நீண்ட தமிழ்ப் பக்கத்தைத் திறந்து கடைசி வரி வரை படியுங்கள். பிறகு அதை இயக்கி, கன்சோலில் ஹைட்ரேஷன் எச்சரிக்கை வருகிறதா என்று பாருங்கள். சர்வரை யுடிசியிலும் கணினியை இந்திய நேரத்திலும் வைத்து, நள்ளிரவுக்கும் காலை 5.30-க்கும் இடைப்பட்ட தேதியொன்றைக் கொடுத்து இன்னொரு முறை ஓட்டுங்கள். இவற்றில் ஒன்று தவறினாலும் தளத்தை வெளியிடாதீர்கள்.